தங்கவயலில் நல்ல கன்று எங்கே கிடைக்கும்?

ஜான் டெய்லர் கம்பெனி காலத்தில் தங்கவயலுக்கு 'லிட்டில் இங்கிலாந்து' என்று பெயர். துரைமார் பங்களாவுக்குத் தோட்டம். நம்மவர் லைன் வீட்டுக்கு வாசல்தான். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடிய பின்னும், அந்த வாசலில் ஒரு முருங்கையாவது வளர்க்கும் ஆசை நம்மை விடவில்லை.

கன்றுக்கு எங்கே போவது? மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் லால்பாகுக்குப் போகிறோம். ஜனவரி, ஆகஸ்ட் மலர்க்காட்சியில் மயங்கி, நிழல்வலைக்குள் வளர்ந்த செடியை வாங்கி வருகிறோம். நம் வெயிலில் அது ஒரு மாதம் தாங்கினால் அதிசயம்! கோலாரை ஒட்டிய தமகாவிலேயே தோட்டக்கலைக் கல்லூரியும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. மாம்பழத்துக்குப் பேர்போன சீனிவாசபுரமும் நம் மாவட்டம்தான். முதலில் அங்கே விசாரியுங்கள். ஒட்டு மாங்கன்றானால் ஒட்டிய இடம் நன்றாகக் கூடியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மண் விஷயமும் உண்டு. தாதுவை அரைத்துப் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய மண்தான் நம் சயனைட் மேடு. அந்தத் தூசி வந்து படியும் இடத்தில் கீரை போட வேண்டாம். பூச்செடிக்கும் வெளியூர்ச் செம்மண்ணே நல்லது.

நல்ல நர்சரி தெரிந்த அன்பர்கள் ஊர், கிடைக்கும் கன்று, விலை ஆகியவற்றை எழுதிச் சங்கத்துக்கு அனுப்பினால், அடுத்த இதழில் பட்டியலாக வெளியிடலாம்.