‘நலம்’ என்ற சொல்லுக்குப் பின்னால்

எல்லை முகாமிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு பல வேளைகளில் சில நிமிடங்களே நீடிக்கும். ‘நான் நலம்’ என்பார் படைவீரர். ‘இங்கும் அனைவரும் நலம்’ என்பார் மனைவி. உறக்கமற்ற இரவுகளை அவர் சொல்வதில்லை. மாமியாரின் மருத்துவச் செலவையும், வரப்பை நகர்த்திவிட்ட பங்காளியையும் இவர் சொல்வதில்லை. ஒருவர் மனம் நோகக்கூடாது என்றே மற்றவர் மறைக்கிறார். அம்மறைப்பே நாளடைவில் இருவருக்கும் சுமையாகிறது.

சியாச்சினில் சில காவல்நிலைகள் 6,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளன. அங்கு பனியும் தனிமையும் மனத்தை வாட்டும். அவற்றை எதிர்கொள்ளப் பயிற்சி உண்டு. வீட்டுக் கவலையைத் தொலைவிலிருந்து தீர்க்கவோ பயிற்சி இல்லை. விடுப்பில் வந்தவருக்கு, தாம் இல்லாமலே நடக்கப் பழகிவிட்ட வீட்டில் தாம் விருந்தினர்தாமோ என்று தோன்றலாம். உறக்கமின்மை, காரணமற்ற சினம், மிகுதியான மதுப்பழக்கம், பேச்சைத் தவிர்த்தல் ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால், அவற்றைக் குணக்கேடு என்று ஒதுக்காமல் உதவி நாட வேண்டும்.

கவலைகளுள் சிலவற்றுக்கு நேரடித் தீர்வும் உண்டு. சிறப்புச் சூழலில் பணியாற்றும் வீரர் உரிமையியல் வழக்கில் நேர்நிற்க இயலாதபோது, அதனை ஒத்திவைக்க 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்காடல் சட்டம் வழி செய்கிறது. ‘ஜில்லா சைனிக் போர்டு’ எனப்படும் மாவட்டப் படைவீரர் நல அலுவலகம், பணியிலிருப்போரின் குடும்பங்களுக்கும் துணை நிற்கிறது.

வங்கியாளராகிய நாங்கள் சொல்லக்கூடியதும் ஒன்றுண்டு. வீட்டுச் செலவுக்கான கணக்கு, இருவரில் எவரும் இயக்கத்தக்க கூட்டுக் கணக்காக இருக்கட்டும். நியமனதாரர் பெயர் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். கடன் தவணை, காப்பீடு, வைப்புத்தொகை விவரங்களை ஒரே குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த பணியிடத்திற்குப் புறப்படுமுன் இவற்றுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். பணம் எடுக்க வழியின்றி மனைவி தவிப்பாரோ என்னும் அச்சமேனும் அவரைத் தொடராது.

மனத்தின் பாரத்தை இறக்கிவைக்க ‘டெலி-மனஸ்’ சேவை இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய இச்சேவையின் எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும், கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம். படையினருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் எனத் தனிப் பிரிவு ஒன்று புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டது. உடல்நோய்க்கு நிகராகவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு அளிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வகுத்துள்ளது.

காலில் பட்ட காயத்தை எவரும் மறைப்பதில்லை. மனத்தில் பட்டதையும் அவ்வாறே சொல்லலாம். அடுத்த அழைப்பில் ‘நலமா?’ என்று கேட்டபின், ‘நன்றாக உறங்கினீர்களா?’ என்றும் கேட்டுப் பாருங்கள். விடை வரும்வரை சற்றே காத்திருங்கள்.