வறண்ட சீமைக்கு வந்த ஸ்பெயின்காரர்

திருப்பதியில் மேற்கே செல்லும் ரயிலில் ஏறி, பாகாலா, மதனப்பள்ளி ரோடு நிலையங்களைக் கடந்து தர்மாவரம் நோக்கிப் போனால், ஜன்னலுக்கு வெளியே நிலம் மெல்ல நிறம் மாறுவதைக் காணலாம். சித்தூர்ப் பக்கத்து மாந்தோப்புகளும் கரும்பும் பின்தங்கிவிடும். கதிரிக்கு அப்பால் செம்மண்ணும் கற்குன்றுகளும் நிலக்கடலைக் காடுகளுமே மிஞ்சும்.

அதுதான் அனந்தப்பூர் சீமை. ஆண்டுக்குச் சராசரி மழை சுமார் 550 மில்லிமீட்டர்தான். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்கிறது. வடகிழக்குப் பருவமழையோ நெல்லூர், சித்தூர்ப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, இங்கு வந்து சேரும்போது ஓய்ந்துவிடுகிறது. இரண்டு மழைக்கும் நடுவே ஏமாந்து நிற்கும் மண் அது.

புயல் அடித்தால் ஊர் உலகம் திரும்பிப் பார்க்கும். 1977 நவம்பர் 19-ல் கிருஷ்ணா மாவட்டத்துத் திவிசீமையில் கடல் புகுந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, நாலா திசையிலிருந்தும் உதவி வந்து சேர்ந்தது. வறட்சிக்கு அந்த மரியாதை கிடையாது. அது சத்தமில்லாமல் வரும். முதலில் கிணறு வற்றும். பிறகு மாடு சந்தைக்குப் போகும். கடைசியில் மனிதனே மூட்டை முடிச்சுடன் பெங்களூருக்கு ரயில் ஏறுவான். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சத்தமில்லாத பேரிடருடன் நாற்பது ஆண்டுகள் மல்லுக்கட்டியவர் ஒரு வெளிநாட்டவர். அவர் பெயர் விசென்ட் ஃபெரர். அனந்தப்பூர் மக்களுக்கு வெறும் 'ஃபாதர்'.

நாட்டைவிட்டுப் போ!

ஃபெரர் 1920-ல் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் போர்முனையை நேரில் கண்டவர். பிறகு இயேசு சபையில் சேர்ந்து, 1952-ல் பம்பாய் வந்து இறங்கினார். மகாராஷ்டிரத்தில் நாசிக் மாவட்டத்து மன்மாட் பகுதியில் அவருக்குப் பணி அமைந்தது.

அங்கும் வறட்சிதான். ஃபெரர் பிரசங்கத்தைவிடக் கிணற்றை நம்பினார். உன் நிலத்தில் நீயே கிணறு வெட்டு, வெட்டி முடிக்கும்வரை வீட்டு அடுப்பு எரியக் கோதுமையும் எண்ணெயும் நான் தருகிறேன் என்பதே அவர் விவசாயிகளிடம் செய்துகொண்ட ஏற்பாடு. கை நீட்டி வாங்குவது போய், உழைத்து வாங்குவது ஆயிற்று. கிணற்றில் நீர் கண்டதும் குடியானவன் நிமிர்ந்து நின்றான்.

செல்வாக்குள்ள சிலருக்கு இது உறுத்தியது. அந்நியப் பாதிரியாருக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்வி கிளம்பியது. 1968-ல் நாட்டைவிட்டு வெளியேறும்படி அவருக்கு உத்தரவு வந்தது. ஆனால் சுமார் முப்பதாயிரம் விவசாயிகள் மன்மாடிலிருந்து பம்பாய் நோக்கி ஊர்வலமாகக் கிளம்பினார்கள். பிரதமர் இந்திரா காந்தி தலையிட்டார். பாதிரியார் சிறிது காலம் விடுமுறையில் வெளிநாடு சென்று வரட்டும், திரும்பி வரும்போது இந்தியா வரவேற்கும் என்ற பொருளில் அவரிடமிருந்து தந்தி வந்தது.

ஃபெரர் போனார், சொன்னபடியே 1969-ல் திரும்பியும் வந்தார். அவருக்கு இடம் கொடுத்தது ஆந்திரப் பிரதேசம். அவருக்கு வாய்த்ததோ மாநிலத்திலேயே மிக வறண்ட அனந்தப்பூர்.

கிணறு மட்டும் போதாது

1970-ல் அவர் பாதிரியார் அங்கியைக் களைந்தார். இங்கிலாந்துக்காரரும் பம்பாயில் பத்திரிகையாளராக இருந்தவருமான ஆன் பெர்ரியை மணந்தார். கணவனும் மனைவியும் சில தோழர்களும் சேர்ந்து வளர்த்ததுதான் 'ஆர்.டி.டி.' என்று அங்கே எல்லோரும் சொல்லும் கிராம வளர்ச்சி அறக்கட்டளை.

மன்மாடில் கற்ற பாடம் இங்கே கை கொடுத்தது. ஆனால் அனந்தப்பூரில் கிணறு மட்டும் போதாது. மழையே பெய்யாவிட்டால் கிணற்றில் ஊறுவது எது? எனவே பெய்கிற மழையை ஓடவிடாமல் பிடித்து வைக்கும் வேலை தொடங்கியது. சரிவுகளில் கரை எழுப்பினார்கள். ஓடைகளில் தடுப்பணையும், நீர் கசிந்து நிலத்தில் இறங்கக் குட்டைகளும் அமைத்தார்கள். கடலையை மட்டும் நம்பியிருந்த விவசாயி, சொட்டுநீரில் பழமரம் வளர்க்கவும் கற்றான். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் குடியிருப்புகளில் பள்ளிகளும் வீடுகளும் எழுந்தன. வீட்டுப் பட்டா குடும்பத் தலைவியின் பெயரில்! குடிகாரக் கணவன் விற்றுவிட முடியாது அல்லவா?

பணம் பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்து வந்தது. கோடீஸ்வரர்கள் மட்டும் கொடுத்ததல்ல. அங்குள்ள சாதாரணக் குடும்பங்கள் மாதந்தோறும் ஒரு தொகை ஒதுக்கி, இங்குள்ள ஒரு குழந்தையின் பெயரால் அனுப்பின. அந்தத் தொகை ஊர் முழுவதற்கும் பயன்பட்டது. பத்தலப்பள்ளி மருத்துவமனைக்கு ஸ்பெயின் டாக்டர்கள் தங்கள் விடுமுறையில் வந்து, சிகிச்சை செய்து, உள்ளூர் டாக்டர்களுக்கும் பயிற்சி அளித்துச் சென்றார்கள். டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால் 2010-ல் அனந்தப்பூரில் ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு டென்னிஸ் பள்ளியைத் தொடங்கி வைத்தார்.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டார் வந்து போனார்கள். கிராமம் கிராமமாக வேலையைத் தாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்களே. உதவி செய்ய வந்தவர் போன பிறகும் வேலை நிற்காமல் இருந்ததற்கு அதுவே காரணம்.

இன்னோர் உண்டியல்

2009 ஜூன் 19-ல் ஃபெரர் அனந்தப்பூரில் காலமானார். அவருடைய உடல் ஸ்பெயினுக்குப் போகவில்லை. பத்தலப்பள்ளி மண்ணிலேயே அடக்கமாயிற்று. 2025-ல் வெளிநாட்டு நன்கொடை பெறும் அனுமதியைப் புதுப்பிப்பதில் அறக்கட்டளைக்குச் சிக்கல் எழுந்தபோது, அனந்தப்பூர் மக்கள் தெருவில் இறங்கினார்கள். 1968-ல் மன்மாட் விவசாயிகள் நடந்த அதே நடை!

வறட்சி ஒழிந்துவிட்டதா? இல்லை. மழை இன்றும் பொய்க்கிறது. பெங்களூர் ரயிலும் காலியாகப் போவதில்லை. ஆனால் மழை பொய்த்த ஆண்டோடு வாழ்க்கையே முடிந்தது என்ற நிலை பல கிராமங்களில் மாறியிருக்கிறது.

உண்டியல் என்றால் திருப்பதிவாசிகளுக்கு ஏழுமலையான் நினைவு வரும். அனந்தப்பூர்க் கிராமங்களில் இன்னோர் உண்டியலும் உண்டு. ஒரு காலத்தில் அறக்கட்டளையிடம் உதவி பெற்ற குடும்பங்களே, தங்களைவிட இல்லாதவர்களுக்காக அதில் காசு போட்டு வைக்கின்றன. கூலி வேலை செய்யும் கை போடும் காசு அது.

எங்கிருந்தோ வந்தவர் எப்போது இந்த ஊர்க்காரர் ஆகிறார் என்ற கேள்விக்கு, ரேஷன் கார்டும் முகவரியும் ஒரு விதமான பதில். பத்தலப்பள்ளிச் சமாதியும் அந்த உண்டியலும் இன்னொரு விதமான பதில்.