தனி இலை

தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவனைக் கண்டால் நம் ஜனங்களுக்கு இரக்கம் பொத்துக்கொண்டு வரும். "பாவம், வீட்டில் யாருமில்லை போலிருக்கிறது!" என்பார்கள். அதிலும் விடுமுறை நாள் மாலையென்றால் கேட்கவே வேண்டியதில்லை.

சென்ற குடியரசு தினத்தன்று அந்த இரக்கத்துக்குப் பாத்திரமாகும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. வீட்டிலுள்ளோர் அனைவரும் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கோ அடுப்பு மூட்ட மனமில்லை. பாளையங்கோட்டையிலிருந்து புறப்பட்டு, 1843-ல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தின் மேல் நடந்து, தாமிரபரணியைக் கடந்து, திருநெல்வேலியின் பெரிய ஹோட்டல் ஒன்றுக்குள் நுழைந்தேன். குளிர்சாதன அறை, வெள்ளை விரிப்பு, பளபளவென்று கண்ணாடித் தம்ளர்கள்.

"அண்ணாச்சி, எத்தனை பேரு?" என்று கேட்டார் பரிசாரகர்.

"ஒருத்தன்தான், தம்பி."

அவருடைய முகத்தில் அந்த இரக்கம் தோன்றி மறைந்தது. நான் சொதிச் சாப்பாடு கொண்டுவரச் சொன்னேன். நெல்லைச் சீமையாருக்குச் சொதியைப் பற்றி எழுத வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் காய்கறிகளும் சேர்த்து, எலுமிச்சம் பழம் பிழிந்து செய்யும் குழம்பு அது. இஞ்சிப் பச்சடி இல்லாமல் அது இலைக்கு வராது. இங்குள்ள சைவக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு மறுநாள் பந்தியில் அதற்குத்தான் முதல் மரியாதை. பந்திக்கென்றே பிறந்த பதார்த்தத்தை ஒற்றை ஆளாகச் சாப்பிட உட்கார்ந்த என் துணிச்சலை என்னவென்பது!

சோறு வருவதற்குள் பரிசாரகர் திரும்பி வந்தார். "அண்ணாச்சி, தப்பா நினைக்கக் கூடாது. ஒரு குடும்பம் வந்திருக்கு. இது நாலு பேர் மேஜை. நீங்க அந்த ஓரத்துக்கு வாரீயளா?" என்றார்.

அந்த ஓரம் சமையலறைக் கதவுக்கு எதிரே இருந்தது. எழுந்து போனேன். ஆனால் மனம் சுருக்கென்றது. கொடுக்கிற பணம் ஒன்றுதானே. ஒண்டியாள் என்பதற்காக ஒதுக்குவதா என்று சற்று நேரம் பொருமினேன். பொருமல் தணிந்ததும் வெட்கம் வந்தது. ஒதுக்குவது என்றால் என்னவென்று இந்த நதிக் கரைக்குத் தெரியாதா?

திருநெல்வேலிக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில் இருக்கிறது சேரன்மாதேவி. 1922-ல் ஸ்ரீ வ. வே. சு. ஐயர் அங்கே தமிழ்க் குருகுலம் ஒன்றை ஸ்தாபித்தார். தேசத்துக்காகப் புதுச்சேரியில் பல ஆண்டுகள் அஞ்ஞாத வாசம் செய்தவர் அவர். குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அறிஞர். காங்கிரஸ் கமிட்டி குருகுலத்துக்கு ஐயாயிரம் ரூபாய் உதவிற்று. ஆனால் அங்கே படித்த பிராமணப் பிள்ளைகள் இருவருக்கு, பெற்றோரின் விருப்பத்தை முன்னிட்டு, உணவு தனியே பரிமாறப்பட்டது. இரண்டே இரண்டு இலைகள்! தமிழ்நாட்டுக் காங்கிரஸே அதனால் கலகலத்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஸ்ரீ ஈ. வெ. ராமசாமி நாயக்கரும் சமபந்தி வேண்டுமென்று போராடினார்கள். மகாத்மா காந்தியே தலையிட நேர்ந்தது. ஐயர் 1925 ஜூன் மாதத்தில், பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்த அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய்த் தம் உயிரை நீத்தார். விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரை உலகுக்குக் காட்டிய பெரியவருக்கும், விருந்துப் பந்தியிலேதான் இடறல் காத்திருந்தது.

பெரியவர் ஒருவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அந்நாளில் காப்பி ஹோட்டல்களில் பிராமணருக்கென்று தனி அறை இருந்தது. ஹரிஜனங்கள் என்று அப்போது சொல்லப்பட்டவர்களுக்குப் பல இடங்களில் வாசற்படியே கிடையாது. ரயில்வே உணவு விடுதிகளில் இருந்த இந்தப் பிரிவினை, கிளர்ச்சிக்குப் பிறகு 1941-ல்தான் ஒழிந்தது.

பிறகு 1950 ஜனவரி 26 வந்தது. அன்று அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது ஷரத்து, கடைகளையும் பொது உணவுச் சாலைகளையும் ஹோட்டல்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மதம், இனம், ஜாதி, ஆண் பெண் என்ற பேதம், பிறந்த இடம் இவற்றைக் காரணம் காட்டி எந்தப் பிரஜையையும் அங்கே தடுக்கக் கூடாது என்கிறது. 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் அங்குள்ள பாத்திரங்களைக்கூட விட்டுவிடவில்லை. ஒரு தேசத்தின் சட்டம் தம்ளரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருந்ததென்றால், அந்தத் தம்ளரில் எவ்வளவு கண்ணீர் நிறைந்திருக்க வேண்டும்!

தானாகத் தனியே சாப்பிடுவது வேறு. தனியே வைக்கப்படுவது வேறு. முன்னது ஒரு மாலைப் பொழுதின் சௌகரியம். பின்னது ஆயுள் முழுவதும் ஆறாத காயம்.

இப்படி எண்ணிக் கொண்டிருக்கையில், "இந்த அம்மாவும் ஒருத்தர்தான், உங்க எதிரே உட்காரலாமா?" என்று பரிசாரகர் கேட்டார். அறுபது வயதுக்கு மேற்பட்ட மூதாட்டி. கையில் ஒரு துணிப்பை, கதர்ச் சேலை. "தாராளமாக உட்காருங்கள், அம்மா" என்றேன்.

இரண்டு இலைகளிலும் சொதி விழுந்தது. "இஞ்சி கொஞ்சம் தூக்கல்தான், இல்லையா?" என்றார் அந்த அம்மாள். "ஆமாம், அம்மா, ஆனாலும் ருசி" என்றேன்.

நம் ஊர் வழக்கப்படி அடுத்தபடியாக, "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டிருக்க வேண்டும். கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஊரில் ஆரம்பித்துத் தெருவுக்குப் போய், தெருவிலிருந்து இன்னும் எதற்கோ போகும் கேள்வி அது என்பது நெல்லைக்காரர் அனைவருக்கும் தெரியும். இஞ்சிப் பச்சடியோடு சேர்த்து அதையும் விழுங்கினேன். அவரும் என்னை அதைக் கேட்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. வாசலில் பலகை போய்விட்டது; ஆனால் விலைப் பட்டியல் இருக்கிறது, அதுவும் பலரை வெளியே நிறுத்தத்தான் செய்கிறது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைத் தம்ளர் இருந்த செய்தியையும் இந்தத் தலைமுறை படித்திருக்கிறது.

சாப்பிட்டு முடிந்ததும் அந்த அம்மாள் எழுந்து, "வாரேன், தம்பி" என்று விடை பெற்றார். பேர் தெரியாது, ஊர் தெரியாது. மறுநாள் அம்பாசமுத்திரத்திலிருந்து திரும்பிய என் மனைவி, "ஐயோ, தனியாகவா சாப்பிட்டீர்கள்?" என்று அங்கலாய்த்தாள்.

"இல்லை, பந்தியில்தான் சாப்பிட்டேன்" என்றேன்.