முற்றத்து நெருப்பு

மார்கழிப் பனியில் முற்றத்தில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்வது வன்னியில் எமக்குப் பழக்கம். அமெரிக்க ஊர்கள் பலவற்றில் இதற்கு விதியே உண்டு: விறகுக் குவியல் 3 அடி அகலம், 2 அடி உயரத்துக்கு மேற்படலாகாது, வீட்டிலிருந்து 25 அடி தள்ளியிருக்க வேண்டும். நெருக்கமான கிடுகுக் கொட்டில்களிடையே 25 அடிக்கு எங்கே போவது? நாலு குடும்பங்கள் சேர்ந்து வெட்டையான இடத்தில் ஒரே நெருப்பாக மூட்டலாம். காற்று கொட்டில் பக்கம் வீசினால் அன்று வேண்டாம்.

அந்த விதிகளில் இல்லாத ஒன்று எமக்குண்டு. 2009இல் போர் முடிந்தும் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் மேலே எரியும் நெருப்பின் சூட்டில் வெடிக்கக்கூடும். ஆகவே கண்ணிவெடி அகற்றப்படாத காணியிலோ, பழைய பதுங்குகுழி மூடிய இடத்திலோ குப்பையைக்கூடக் கொளுத்தாதீர்கள்.

படுக்கப் போகுமுன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். மண் போட்டு மூடிவிட்டால் தணல் விடியும்வரை உள்ளே கிடக்கும். பிள்ளைகள் அதில் காலை வைப்பார்கள்.