வீடு தேடுவோர்க்கு உதவும் நுண்ணறிவுத் துணை

மக்கட்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என்பர். இவற்றுள் முன்னைய இரண்டையும் மனிதன் அடிக்கடி தேடுகின்றான். உறையுளையோ வாழ்நாளிற் சிலமுறையே தேடுகின்றான். ஆதலின் அத்தேட்டத்திற் பயிற்சி பெற்றோர் சிலரே. தமக்கு வேண்டுவது யாதென்று தாமே தெளியாத நிலையிற் பலர் தேடத் தொடங்குகின்றனர். அன்னோர்க்கு உதவுமாறு இன்று செயற்கை நுண்ணறிவுத் துணைகள் ஆக்கப்படுகின்றன. அவை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதனை, இத்துறை பெரிதும் வளர்ந்துள்ள ஐக்கிய அமெரிக்காவை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வாம்.

அந்நாட்டில் 2006 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஸில்லோ போன்ற இணையத்தளங்களில், தேடுவோர் விலை, அறைகளின் தொகை, இடம் என்பவற்றைத் தனித்தனிக் கட்டங்களிற் குறித்துத் தேடிவந்தனர். 2023 ஆம் ஆண்டு அந்நிறுவனம், இயல்பான சொற்றொடர்களாலும் தேடும் வசதியை அளித்தது. முன்னைய முறையில் மனிதன் பொறியின் போக்குக்கு இணங்கினான். பின்னையதில் பொறி மனிதன் போக்குக்கு இணங்குகின்றது. இஃது எளிமையே. எனினும், கட்டங்களை நிரப்பியவன் தான் விதித்த நிபந்தனைகளைக் கண்முன்னே கண்டான். உரையாடலிலோ அவை மறைந்துவிடுகின்றன.

சிக்காகோ நகரில் ஒருவர், மாத வாடகை 2,000 டொலருக்கு மேற்படாத, இரண்டு படுக்கையறை கொண்ட, அமைதியான வீடு வேண்டுமென்றும், அது புகையிரத நிலையத்துக்கு அண்மையில் இருத்தல் வேண்டுமென்றும் கேட்பதாகக் கொள்வோம். வாடகையும் அறைத்தொகையும் அளவிடத்தக்கவை. அமைதி என்பது யாது? அந்நகரின் புகையிரதப் பாதைகளிற் பல தெருவுக்கு மேலே, உயர்ந்த தூண்களின்மீது செல்வன. ஆகவே நிலையத்தின் அண்மையும் அமைதியும் ஒன்றோடொன்று முரணக்கூடும்.

இவ்விடத்து நல்ல துணை மூன்று செயல்களைச் செய்யும். முதலாவது, தான் விளங்கிக்கொண்ட நிபந்தனைகளை வரிசைப்படுத்திக் காட்டி, அவற்றுள் எதனையும் திருத்தவும் நீக்கவும் இடமளிக்கும். இரண்டாவது, பத்து வினாக்களை அடுக்காது, விடையை மிகுதியும் மாற்றவல்ல ஒரு வினாவை மட்டும் வினவும். இங்கே, நடைத்தூரம் சற்று மிகினும் அமைதியே வேண்டுமோ என்பதே அவ்வினா. மூன்றாவது, எல்லா நிபந்தனைகளுக்கும் இயைந்த வீடு இல்லையாயின், வெறுமனே இல்லையென்று கூறாது, எதனைத் தளர்த்தின் எவ்வீடு கிடைக்கும் என்று விளக்கும்.

அறிந்ததனையும் ஊகித்ததனையும் வேறுபடுத்திக் காட்டுதலும் அதன் கடமையாம். மொழி மாதிரிகள் உண்மையல்லாதவற்றையும் உறுதிபடக் கூறும் இயல்பின. ஆதலின் வாடகை, முகவரி, காலியாகும் நாள் என்பன பதிவுகளிலிருந்தே எடுக்கப்படல் வேண்டும். ஒலியளவு பதிவில் இல்லையெனின், இல்லையென்றே சொல்லுதல் வேண்டும்.

நிற்க, இவையனைத்தினும் பெரிய பொறுப்பொன்று உண்டு. தேடுவோர் ஒருவர், நல்லவர்கள் வாழும் அயல் எது என்று வினவின் துணை யாது செய்வது? சிக்காகோவில் கறுப்பின மக்கள் நகரின் சில பகுதிகளுக்குள் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தனர். அதனை எதிர்த்து 1966 ஆம் ஆண்டு மாட்டின் லூதர் கிங் அங்கு இயக்கம் நடத்தினார். அவர் கொலையுண்டு ஒரு வாரத்தின் பின், 1968 ஏப்பிரல் 11 ஆந் திகதி, வீட்டுவசதியிற் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் ஒப்பமிடப்பட்டது. இனம், நிறம், சமயம், பிறந்த நாடு என்பவற்றோடு 1974 இற் பாலும், 1988 இல் உடற்குறையும் குழந்தைகளுள்ள குடும்பநிலையும் அதிற் சேர்க்கப்பட்டன. இவை காரணமாகத் தேடுவோரை ஓர் அயலுக்குத் திருப்புதலும் விலக்கப்பட்டது.

தரகர் ஒருவர் திருப்பினாற் சிலர் பாதிக்கப்படுவர். பொறி திருப்பினாற் பாதிக்கப்படுவோர் பல்லாயிரவர். பழைய பிரிவினையின் தடம் பதிந்த தரவுகளிலிருந்து கற்ற பொறி, தீய எண்ணம் சிறிதுமின்றியே அப்பிரிவினையைத் தொடரக்கூடும். வீட்டு விளம்பரங்களைக் காட்டுவதிற் பாகுபாடு காட்டியதாக 2019 இற் பேஸ்புக் நிறுவனத்தின்மீது அரசு குற்றஞ் சாட்டியது. 2022 இல் எட்டிய இணக்கத்தின்படி அந்நிறுவனம் தன் விளம்பர முறையை மாற்ற உடன்பட்டது. இத்தகைய வினாவிடைகளை இனங்காணும் கருவியொன்றை 2024 இல் ஸில்லோ எவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டது.

எனினும், தடுத்தல் மட்டும் போதாது. விடையளிக்க இயலாது என்று கதவடைத்தால், வினவியவர் வெறுங்கையராய்த் திரும்புவர். மக்களைக் கொண்டு அயலைத் தரம்பிரிக்க இயலாமையைத் துணை சுருங்கக் கூறி, பூங்கா, நூல்நிலையம், நடைபாதை, பேருந்து வசதி என்பவற்றுள் அவர் எவற்றை விரும்புகின்றார் என வினவுதல் தகும். பெயரும் மொழிநடையும் மாறினும் ஒரே வினாவுக்கு ஒரே வீடுகள் காட்டப்படுகின்றனவா என்பதனை அமைப்போர் இடையிடையே சோதித்தலும் வேண்டும்.

வீட்டின் வெளிச்சமும் காற்றோட்டமும் நேரிற் சென்று காண்போர்க்கே புலனாம். அவ்வாறு காணத்தக்க வீடுகள் எவை, ஏன் என்பதனைத் தெளிவித்து, முடிவினைத் தேடுவோரிடமே விட்டுவிடுதல் துணையின் தொழிலாம். உரையாடும் திறத்தைக்கொண்டன்று, இந்நேர்மையைக்கொண்டே அதன் சிறப்பு அளக்கப்படல் வேண்டும்.