வெயிலை மின்சாரமாக்கும் பிளாஸ்டிக்

அமெரிக்க இயற்பியலாளர் ஆலன் ஹீகருக்கு 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது, பிளாஸ்டிக்கும் மின்சாரத்தைக் கடத்தும் என்று காட்டியதற்காக. அதுவும் இயற்பியலுக்கு அன்று, வேதியியலுக்கு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆலன் மெக்டயர்மிட், ஹிடெக்கி ஷிரகாவா என்னும் வேதியியலாளர்களுடன் சேர்ந்து, பாலிஅசிட்டிலீன் என்ற பாலிமரின் வெள்ளிநிற மென்படலத்தை அவர் அயோடின் ஆவிக்கு உட்படுத்தியபோது, அதன் கடத்துதிறன் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. முடிவு 1977-இல் வெளியாயிற்று. கார்பன் அணுக்களிடையே ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி அமைந்த இந்த நெடுஞ்சங்கிலியிலிருந்து அயோடின் எலக்ட்ரான்களைப் பறித்துக்கொள்வதால், எஞ்சும் நேர்மின்னூட்டம் சங்கிலி நெடுகிலும் நகர்கிறது; இதுவே மாசூட்டல் எனப்படுவது. வினையூக்கி ஆயிரம் மடங்கு கூடுதலாகச் சேர்ந்த தவற்றால் ஷிரகாவாவின் ஆய்வகத்தில் அப்படலம் உருவான கதை பலரும் அறிந்ததே.

சூரிய மின்கலத் துறைக்கு ஹீகர் அளித்த கொடை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 1982-இல் அவர் சான்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். குறைகடத்திப் பாலிமரின் மீது ஒளி விழும்போது எலக்ட்ரான் உடனே விடுபடுவதில்லை. தான் விட்டுவந்த வெற்றிடமாகிய துளையோடு பிணைந்து, எக்சிட்டான் என்னும் இணையாகவே அலைகிறது. அந்த இணை சுமார் 10 நானோமீட்டர் செல்வதற்குள் பிரிக்கப்படாவிட்டால் மீண்டும் கூடி அழிந்துவிடும். ஒளியைப் போதிய அளவு உறிஞ்சவோ படலம் 100 நானோமீட்டர் அளவிலாவது தடித்திருக்க வேண்டும். இந்த முரண்பாட்டில்தான் துறை நெடுநாள் சிக்கியிருந்தது.

60 கார்பன் அணுக்களாலான பந்து வடிவ மூலக்கூறாகிய ஃபுல்லரீன், பாலிமரிடமிருந்து எலக்ட்ரானை விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் கவர்ந்துகொள்வதை 1992-இல் ஹீகர் குழுவினர் கண்டனர். இரு பொருள்களையும் அடுக்கடுக்காக வைக்காமல் ஒரே கரைசலில் கலந்து பூசும் முறையை அவர்கள் 1995-இல் வெளியிட்டனர். எக்சிட்டான் எங்கே பிறந்தாலும் அருகிலேயே ஓர் எல்லை இருக்கும்படி இரண்டும் பின்னிக் கிடந்தன. கடத்தும் பிளாஸ்டிக்கைவிடவும் இந்தக் கலவையே இயற்பியலாளரின் கைவண்ணம் என்று சொல்லத் தோன்றுகிறது.

வணிகம் அவ்வளவு இணங்கவில்லை. ஹீகர் இணைந்து தொடங்கிய கோனார்கா நிறுவனம் 2012-இல் திவாலானது. ஆய்வகக் கலங்களின் திறன் இன்று 19 விழுக்காட்டைக் கடந்துவிட்டாலும், ஆக்சிஜனும் ஈரமும் வெயிலும் அரிக்கும் இப்படலங்கள், பல பத்தாண்டுகள் தாங்கும் சிலிக்கான் பலகைகளுக்கு ஆயுளில் இன்னும் ஈடாகவில்லை.