செக்கு போடும் முன் வீட்டில் கணக்கைச் சொல்லுங்கள்

‘மானியம் கிடைக்குமாமே சார், மரச்செக்கு போடலாமா?’ கடலை விளையும் பகுதியில் வேலை பார்க்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. தாராளமாகப் போடலாம். மூட்டையாக விற்பதை எண்ணெயாக்கி விற்றால் கூடுதலாக நாலு காசு நிற்கும். ஆனால், இயந்திரத்தின் விலையைப் பேசும் முன்பு இப்போதெல்லாம் நான் ஒன்று கேட்கிறேன்: ‘இந்தக் கணக்கு உங்கள் வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும்?’

இப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குப் புரியவைத்தவர் ஒரு விவசாயி. அவருக்கு 3 ஏக்கர், கிணற்றுப் பாசனம். செக்கு போடக் கடன் வாங்க நானும் உதவினேன். முதல் வருடம் நன்றாகப் போனது. இரண்டாம் வருடம் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பருப்பு விலை ஏறியது. வாங்கி இருப்பு வைக்கக் கையில் பணம் இல்லை. தெரிந்தவரிடம் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வாங்கினார். வருடத்துக்கு 36 சதவிகிதம்! வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாலிடெக்னிக் படித்த மகன் பைக் கேட்டான். ‘செக்கு முதலாளி’ என்று ஊர் கூப்பிடும்போது, ‘பணம் இல்லை’ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தவணையில் வண்டி வந்தது. அடுத்த வருடம் ஒரு ஏக்கர் கைமாறியது. பிறகு அந்தப் பையன் என்னிடம், ‘அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டே இருக்க மாட்டேன் சார்’ என்றான். நானும் விலைப்புள்ளி, பட்டா, சிட்டா எல்லாம் பார்த்தேனே தவிர, ‘பருப்பு வாங்கப் பணம் எங்கே?’ என்று கேட்கவில்லை.

எவ்வளவு துணியலாம்?

100 கிலோ கடலைப் பருப்பை ஆட்டினால் சுமார் 40 கிலோ எண்ணெய் கிடைக்கும். தினமும் 50 கிலோ ஆட்டுகிறீர்கள், மாதம் 25 நாள் வேலை என்றால் 1,250 கிலோ பருப்பு வேண்டும். கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பருப்புக்கு மட்டும் மாதம் 1,62,500 ரூபாய். கடைக்காரர் எண்ணெய்க்குப் பணம் தர ஒன்றரை மாதம் இழுத்தால், அதுவரைக்கும் உங்கள் பணம்தான் ஓட வேண்டும். பலர் இயந்திரத்துக்கு மட்டும் கடன் வாங்கிவிட்டுத் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

அதனால், எடுத்த எடுப்பில் இயந்திரம் வாங்காதீர்கள். உங்கள் பருப்பைப் பக்கத்து ஊர்ச் செக்கில் கூலிக்கு ஆட்டி, ஆறு மாதம் விற்றுப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாங்க எத்தனை வீடுகள் வருகின்றன என்பது அதில் தெரிந்துவிடும். ‘போட்ட பணம் முழுவதும் போனாலும் நிலம் நிற்குமா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிற்கும் என்றால் துணியுங்கள்.

மானியம் கைக்காசு அல்ல

மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்த உணவு பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டத்தில் மானியம் 35 சதவிகிதம், உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். நம் பங்காகக் குறைந்தது 10 சதவிகிதம் போட வேண்டும். இந்த மானியம் நம் கையில் வராது. வங்கியில் தனியாக இருக்கும். கடைசித் தவணைக் கடன் கொடுத்து 3 ஆண்டுகள் கழித்து, தொழில் நடந்துகொண்டு, கடனும் ஒழுங்காக இருந்தால்தான் கணக்கில் கழிப்பார்கள். மானியத்தை நம்பி வெளியில் கடன் வாங்குவது, பிறக்காத கன்றுக்குக் கயிறு திரிப்பது போலத்தான்.

இரண்டு நோட்டு, இரண்டு பெட்டி

வீட்டுப் பணம் வேறு, செக்குப் பணம் வேறு. வங்கிக் கணக்கும் இரண்டாக இருக்கட்டும். உங்கள் உழைப்புக்கு மாதச் சம்பளம் என்று ஒரு தொகையை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். காதுகுத்து, சீர் எல்லாம் அந்தச் சம்பளத்துக்குள்தான். வீட்டுக்கு எடுத்துச் செல்லும் எண்ணெய்க்கும் கணக்கு எழுதுங்கள்.

பிள்ளைகளுக்கும் தெரியட்டும்

‘நாம்தான் கஷ்டப்பட்டோம், பிள்ளைகளாவது தெரியாமல் வளரட்டும்’ என்று நினைக்கிறோம். பாசம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால், வரவை மட்டும் பார்த்து வளரும் பிள்ளை, பணம் பெட்டியிலிருந்து வருகிறது என்றுதான் நினைக்கும்.

மாதம் ஒரு நாள், சாப்பிட்ட பிறகு, நோட்டை எல்லோர் முன்னாலும் விரியுங்கள். லாபத்தோடு நஷ்டத்தையும் வாசியுங்கள். பயமுறுத்த வேண்டாம். ‘இவ்வளவு கடன், இந்த மாதத்துக்குள் அடைப்போம்’ என்று சொன்னால் போதும். பத்து வயதுப் பிள்ளைக்கு ஓர் ஆட்டுக்குட்டி கொடுங்கள். தீவனச் செலவை அதுவே எழுதட்டும். விற்ற பணத்தில் ஒரு பங்கை அதன் பெயரில் வங்கியில் போடுங்கள். குட்டி செத்துப்போனால் உடனே வேறு குட்டி வாங்கித் தராதீர்கள். அந்த நஷ்டத்தையும் அதன் கையாலேயே எழுதவையுங்கள். மகனுக்குச் சொல்வதை மகளுக்கும் சொல்லுங்கள்.

நான் சொன்ன விவசாயியின் செக்கு இன்றும் ஓடுகிறது. நோட்டு எழுதுவது அந்தப் பையன்தான். பைக்கை விற்று வட்டிக் கடனில் ஒரு பகுதியை அடைத்தவனும் அவன்தான். விற்ற ஒரு ஏக்கர் மட்டும் இன்னும் திரும்பவில்லை.